கமலாவின் பெயர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் கொடுத்த வாக்கு ஒருமுறைதான் பொய்த்தது.

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நகரசுத்தித் தொழிலாளர் குடியிருந்தார்கள். மற்றப் பெற்றோர் முறையிட்டதால் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியிருந்தது. ஒருநாள் தலைமை வாத்தியாரே என்னிடம் வந்தார்.

“அக்கா, அதுகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் படிப்பிக்கிறன்.”

அந்தக் குடியிருப்பில் இருந்த மாரி தயங்கினாள். “இது என்ர வாக்கு, பிள்ளை” என்று சொல்லி, அவளுடைய மகள் கமலாவுக்கு நானே தலை வாரிக் கூட்டிப்போனேன்.

“என்ர பேரையும் கூப்பிடுவினமோ, அம்மா?” என்று கேட்டவள், வழியெல்லாம் “ஓம் சேர்” சொல்லிப் பழகினாள்.

அன்று பள்ளிக்கூடப் பரிசோதகர் வந்து, நிறைந்த வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். வாத்தியார் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது வகுப்புக்கு வெளியே விறாந்தையில் நின்று கேட்டேன். கமலாவின் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. மறுநாள் அவள் விளக்குமாற்றோடு பள்ளி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“பரிசோதகர் வந்து தலைக்கணக்குப் பாத்திட்டுப் போயிட்டார், அக்கா. இனி உள்ளுக்கு இருத்த ஏலாது” என்று வாத்தியார் சிரித்தார்.

மாரி என்னை ஏசவில்லை. “உங்களை நம்பித்தானே அம்மா விட்டனான்” என்றாள். பிறகு எங்கள் வீட்டுப் படலைப் பக்கம் அவள் வரவேயில்லை.

எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிட்டேன். பேத்தி, ஒருக்கா வாசி பாப்பம். கமலா எண்ட பேர் வரேக்க சத்தமாய் வாசி.