குன்னூரில் ஜப்பான் சாப்பாடு பரிமாறியவன்

சாப்பிட வந்தவருக்கு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் பசியோடு எழுந்து போவதைப் புன்னகையோடு பார்த்து நிற்கும் வேலை உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பளம் வாங்குகிற யாருக்கும் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கடைசியில் பார்த்தது டீயை ருசி பார்த்துச் சொல்லும் வேலை. ஃபேக்டரியை மூடினார்கள். இரண்டு வருஷம் நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, என் மனைவி மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கப் போனாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம் கிடைத்தது இந்த வேலை. குன்னூரில் புதிதாகத் திறந்த ஜப்பான் ஹோட்டல். முதலாளி சென்னைக்காரர். ஜப்பானில் எட்டு நாள் தங்கி, அந்த நாட்டையே கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர். சேரும்போதே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பார்ப்பேன் முருகேசன். அதுக்குள்ள ஒரு கஸ்டமர் உங்களைப் பத்திக் குறை சொன்னாலும் கிளம்பிடணும்."

வரவேற்பு

வாடிக்கையாளர் கதவைத் திறந்ததும் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஜப்பான் மொழியில் "வாருங்கள்" என்று கத்த வேண்டும். மெல்லச் சொன்னால் மரியாதை இல்லையாம். பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். நாய்கள் எங்கள் வாசலில் படுப்பதையே விட்டுவிட்டன.

முதல் ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் கதவைத் தள்ளினார். ஏழு பேர் சேர்ந்து கத்தினோம். அவர் திறந்த வேகத்திலேயே கதவைச் சாத்தினார். வெளியே அவருடைய மனைவி சொன்னது கண்ணாடி வழியாக எங்களுக்கும் கேட்டது: "ஏனுங்க, உள்ள ஏதோ சண்டையாட்டம் இருக்குது. வாங்க, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்துக்கலாம்."

தரை

உள்ளே ஒரு தனி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாய்மேல் உட்கார வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். குன்னூர்க் குளிரில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

பக்கத்து வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். "தம்பி, எல்லையில முப்பது வருஷம் தரையில உக்காந்துதான் சாப்பிட்டேன். ஆனா அப்ப அவங்க எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

பார்சல்

எங்கள் சமையல்காரர் ஷாஜி, கூடலூர்க்காரர். மூன்று வருஷம் ஜப்பானில் இருந்ததாகச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி அவர் நெற்றியில் வெள்ளைத் துணியைக் கட்டி, வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். திறந்தால் கூடலூர் மலையாளம் வெளியே வந்துவிடுமே.

ஒரு நாள் கோத்தகிரியில் கேரட் தோட்டம் வைத்திருப்பவர் மனைவியோடு வந்தார். ஷாஜி அரை மணி நேரம் தவம்போல் நின்று, பச்சை மீனைக் காகிதம் மாதிரி சீவி, பூப்போல அடுக்கி அனுப்பினார். அந்த அம்மா குனிந்து மோந்து பார்த்தார். மீன் நல்ல மீன்தான் என்று கணவரிடம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வாய் திறக்காத ஷாஜியையும் பரிதாபமாகப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு கேஸ் தீந்துபோச்சாட்ட இருக்குது, பரவால்லீங்க. அப்படியே கட்டிக் குடுத்துருங்க, ஊட்டுக்குப் போயி நான் கொளம்பு வெச்சுக்கறேன்."

பாராட்டு

என் வேலைக்கு முதல் ஆபத்து குறையால் வரவில்லை, பாராட்டால் வந்தது. திருப்பூரிலிருந்து வயதான தம்பதி. அன்று அவர்களுக்குக் கல்யாண நாள். பச்சை மீனை உள்ளே வைத்துக் கடல்பாசியில் சுருட்டிய சோற்று உருண்டைகளை வைத்தேன். பெரியவர் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "சோறு ஆறிப்போச்சுங்க தம்பி" என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆனால் வெளியே மூடுபனி, அந்த அம்மாவின் விரல்கள் நடுங்குகின்றன. இந்த மலையில் வந்தவருக்கு ஆறின சோறு போடுவது எங்கள் கைக்கு வராது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆவிப் பாத்திரத்தில் வைத்துவிட்டேன்.

பாசி சுருங்கிவிட்டது. மீன் வெந்து வெளுத்துவிட்டது. ஷாஜி கண்ணை மூடிக்கொண்டார். அவர்களோ ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். அதோடு விட்டார்களா? முதலாளியை மேஜைக்கு வரவழைத்து, என் தோளைத் தட்டிக்கொண்டே பெரியவர் சொன்னார்: "மொதல்ல வந்தது வாயில வெக்க முடியலீங்க. இந்தத் தம்பி சுடச்சுட வேக வெச்சுக் கொண்டாந்தப்புறந்தானுங்க சாப்பாடாட்டம் இருந்துச்சு."

டீ

முதலாளி கடைசி எச்சரிக்கை என்றார். ஆறு மாசம் முடிய ஐந்து நாள் பாக்கி. அப்போதுதான் நிஜமான ஜப்பான்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். டீ ஃபேக்டரி மிஷின்களைப் பார்க்க மலைக்கு வந்த வயதானவர். துணைக்கு யாருமில்லை. முதலாளி நாலு தடவை குனிந்து வணங்கினார். ஷாஜி சமையலறையில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்.

சாப்பாட்டை அவர் சாப்பிட்டு முடித்தார். கடைசியில், ஜப்பானிலிருந்து வரவழைத்த பச்சைத் தேயிலை என்று முதலாளி பெருமையடிக்கும் டப்பாவிலிருந்து டீ போட்டுக் கொண்டுபோனேன். ஊற்றும்போதே ஈரச் சாக்கு வாசனை அடித்தது. அடுத்த நொடி நடந்தது நான் யோசித்துச் செய்ததல்ல, பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்தில் துப்பிவிட்டேன். ஃபேக்டரியில் அந்த இடத்தில் துப்புகிற தொட்டி இருக்கும். இங்கே இருந்தது முதலாளி ஆசையாக வாங்கிய பூஜாடி.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. எனக்குக் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு போன மனைவியின் முதுகுதான் கண்ணில் வந்தது. விருந்தாளி என்னையே பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினேன், டப்பாவைக் காட்டினேன். அவர் டப்பாவைத் திறந்து மோந்தார். பிறகு தன் கோப்பையை எடுத்து, என்னைவிடச் சத்தமாக உறிஞ்சி, அதே பூஜாடியில் துப்பினார். காகிதக் கைக்குட்டையில் நாலு வரி ஜப்பான் மொழியில் எழுதி, முதலாளியிடம் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது பாராட்டா, குறையா? முதலாளி ஷாஜியைக் கூப்பிட்டார். மூன்று வருஷம் ஜப்பானில் இருந்தவராயிற்றே! ஷாஜி காகிதத்தை வாங்கி, இடமிருந்து வலமாகப் பார்த்தார், மேலிருந்து கீழாகப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "டீ நமுத்துப்போச்சாம் சார். அதை மறைக்காத ஆளைக் கைவிட்டுடாதீங்கன்னு எழுதியிருக்கார்" என்றார். அன்று மாலையே என் வேலையை உறுதி செய்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஷாஜியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்ததா என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கெங்க தெரியும் சேட்டா? நான் துபாய் தாண்டிப் போனதேயில்லை!"

முதலாளி அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டிவிட்டதால், எங்கள் இரண்டு பேர் வேலையும் அடுத்த ஜப்பான்காரர் வரும்வரை நிரந்தரம்.