தங்கையின் ஸ்கூட்டரும் என் வயிற்றெரிச்சலும்

எழுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு மறுநாள், கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஜி.என்.டி. ரோட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. என் தங்கைக்கு அது தலை தீபாவளி.

முதலில் அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது அதில் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். கல்கத்தா வரைக்கும் போகிற ரோடு என்று பெயர்தான் பெரிசு. நடுவில் கொஞ்சம் தார், இரண்டு பக்கமும் மண். எதிரில் லாரி வந்தாலும் பின்னால் லாரி வந்தாலும் சைக்கிள்காரர்தான் மண்ணில் இறங்க வேண்டும். தார் முடிகிற இடத்தில் பள்ளம் வேறு. இறங்கத் தெரியாமல் இறங்கினால் முட்டி பெயர்ந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கவரப்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில்தான் போய் வருவார். அவரைப் போல அந்த ரோட்டில் ஒரு பட்டாளமே உண்டு. ஷிப்ட் விட்டதும் மொத்தமாக வருவார்கள். மொத்தமாக வந்தால் மட்டும் தாரை விட்டு இறங்கமாட்டார்கள். லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், இவர்கள் திட்டுவார்கள், அவர் அதைவிடக் கேவலமாகத் திட்டுவார். எந்த வண்டியாவது ஒரு சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் ஓடினால், விழுந்தவர் "புடி, வுடாதே" என்று குரல் கொடுப்பார். முன்னால் இருக்கிற சைக்கிள்கள் எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிடும். முதலில் சட்டைக் காலரைப் பிடிப்பார்கள், விசாரணை எல்லாம் அப்புறம்தான்.

இந்தச் சண்டையில் சேராத ஒரே ஜென்மம் என் வீட்டுக்காரர். ஹாரன் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே மண்ணில் இறங்கி நிற்பார். கேட்டால், "எறங்கினா இன்னா கொறஞ்சா பூட்றோம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்காரர் திருவள்ளூரிலிருந்து புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் என்பது கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவருடைய அப்பா எப்போதோ பதிந்து வைத்தது, கல்யாணம் முடிந்த கையோடு வந்துவிட்டது. கவரப்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. அம்மா ஓடிப்போய் முன்விளக்குக்குக் குங்குமம் வைத்தாள். அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார்.

துடைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த சைக்கிள அப்டி கொஞ்சம் தள்ளிப் போடுப்பா. வண்டி மேல சாஞ்சிட்டா பெயிண்டு பூடும்."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டு வந்தார். எங்கள் தலை தீபாவளிக்கு இதே சைக்கிளில்தான் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு எங்களைப் பார்க்கத் தெருவில் ஒரு நாய்கூட எழுந்து நிற்கவில்லை.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தங்கை கையில் புது வாட்ச். அவள் வீட்டுக்காரர் மெட்ராஸில் வாங்கித் தந்த நைலக்ஸ் புடவை, ரோஜாப்பூ கலரில், பிடித்தால் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது வழக்கமான கோ-ஆப்டெக்ஸ் நூல் புடவை. இலை போடும்போது அவருக்கு இரண்டு வடை, இவருக்கு ஒரு வடை. நான் எண்ணினேன். இவர் பாட்டுக்கு அந்த ஒரு வடையை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கும்மிடிப்பூண்டியில் எங்கள் சித்தப்பா வீட்டில் புது ஜோடிக்கு ராத்திரி விருந்து. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் இரண்டு வண்டிகளும் கிளம்பின.

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகிறவளுக்கு ஒரு தொழில் உண்டு. மடித்த கோணியை அடியில் போட்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, முதல் வேலையாக முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் சக்கரத்துக் கம்பி தின்றுவிடும். நான் அப்படி ஒரு நல்ல புடவையைப் பறிகொடுத்தவள். போலீஸ் ஸ்டேஷன் வருவதற்குள் இறங்கி, தனியாகப் போகிறவள் மாதிரி நடந்து, தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் டபுள்ஸ் போனால் அப்போது குற்றம். போலீஸ்காரர் பிடித்தால் டயர் காற்றைப் பிடுங்கி விட்டுவிடுவார்.

ஸ்கூட்டரில் டபுள்ஸ் போகலாம். எந்தப் போலீஸ்காரரும் கேட்கமாட்டார். தங்கை ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள். முந்தானையைச் செருகவில்லை, முதுகுக்குப் பின்னால் அப்படியே நீளமாக விட்டிருந்தாள். வண்டி கிளம்பியதும் அது காற்றில் எழும்பிப் பறந்தது. ஸ்கூட்டர் சக்கரத்தில் கம்பி இல்லையே, பணம் இருந்தால் முந்தானையைக்கூடச் செருக வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதுதான் பேஜாரு. எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு தடவை எரிந்து அடங்கியிருக்கும். கொஞ்ச தூரம் போவார், மரத்தடியில் நிறுத்திக் காத்திருப்பார். இவர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், "மெதுவா வாங்கண்ணே, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளம்புவார். ஒவ்வொரு தடவையும் அந்த முந்தானை என் கண்ணெதிரில் எழும்பிப் பறக்கும். ஒவ்வொரு தடவையும் தங்கை திரும்பிக் கையாட்டுவாள்.

இரண்டாவது தடவை அவர்கள் கிளம்பிப் போனதும் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பார்த்தால் லாரி. இவர் வழக்கம்போல மண்ணில் இறங்கினார். புழுதி மொத்தமும் எங்கள் மேல்.

"ஒரு தபா, ஒரே தபா எறங்காம போனா இன்னா?" என்றேன்.

"லாரிக்காரன் நம்ம மேல ஏத்திட்டு பூடுவான். அப்பால நீ யார்கிட்ட சண்டை போடுவ?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"லாரிக்கு எறங்குவீங்க, காருக்கு எறங்குவீங்க, இனிமே சகலைக்கும் எறங்குவீங்க."

அவர் குனிந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தார். முதுகைப் பார்த்தே தெரிந்தது, உறைத்துவிட்டது. மிதி வேகமானது.

அடுத்த இடத்தில் அவர்கள் காத்திருந்துவிட்டுக் கிளம்பும் சமயம் நாங்கள் நெருங்கிவிட்டோம். ஸ்கூட்டர் மெதுவாகத் தாரில் ஏறியது. எதிரே தூரத்தில் ஷிப்ட் விட்டு வருகிற சைக்கிள் கூட்டம், ரோட்டை அடைத்துக்கொண்டு. தங்கை வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தானை ஒரு தடவை எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பவில்லை.

அதன் நுனி பின்சக்கரத்துப் பக்கம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நூல் புடவையாக இருந்தால் கிழிந்து தொலைந்திருக்கும். நைலக்ஸ் கிழியாது. தோளில் ஊக்கு வேறு குத்தியிருந்தாள். தங்கை லேசாகப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் புடவையைச் சரிசெய்தாள், காற்று இழுக்கிறது என்று நினைத்திருப்பாள். எங்களுக்குப் பின்னால் இன்னொரு லாரியின் சத்தம் கேட்டது.

நான் கத்தினேன். அவள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். "புடவை, புடவை" என்று கத்தியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"புடிங்க அந்த ஸ்கூட்டர! வுடாதீங்க!"

ஏன் அப்படிக் கத்தினேன் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். யோசித்துக் கத்தியது இல்லை அது. அந்த வார்த்தைகள் முந்தின நாளிலிருந்தே என் வாயில் தயாராக இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

எதிரே வந்தவர்களில் பாதிப் பேருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். சைக்கிள்காரர் மனைவி கேரியரில் உட்கார்ந்தபடி கத்துகிறாள், முன்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? இடித்துவிட்டு ஓடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் தார் முழுக்கச் சைக்கிள்கள் குறுக்கே நின்றன. ஸ்கூட்டர் கிறீச்சென்று நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த லாரியும் நின்றது. முன்னால் இருந்த ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து தங்கை வீட்டுக்காரரின் காலரைப் பிடித்தார்.

"இன்னாடா, இடிச்சிட்டு நிக்காம ஓட்றியா? சைக்கிள்ல வர்றவன் மனுசன் இல்லியா?"

"நான் யாரையும் இடிக்கல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது. தலை தீபாவளி மாப்பிள்ளை, நடு ரோட்டில். ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் தங்கையைப் பார்த்தேன். அவள் சீட்டிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தாள். புடவை சக்கரத்தில் சுற்றி, தோளை இழுத்து, கழுத்தை இறுக்கியிருந்தது. சத்தம் வரவில்லை, கண் மட்டும் பெரிதாகி இருந்தது. என் வீட்டுக்காரர் சைக்கிளை என்னோடு சேர்த்துக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அறுக்கறதுக்கு ஏதாச்சும் குடுங்கடா" என்று அலறினார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் ஒருவர் வழியில் மாட்டுக்குப் புல் அறுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் அரிவாளோடு வந்து புடவையைக் கழுத்தருகே அறுத்து விட்டார். தங்கை இருமினாள். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

லாரிக்காரர் அதுவரைக்கும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். தன் தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னும் நாலு சுத்து சுத்தியிருந்தா பொண்ணு கீழ வந்திருக்கும். பின்னாடி நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அடித்தவர் என் வீட்டுக்காரரிடம் வந்து, "உன் சகலையாப்பா? மொதல்லயே சொல்லக் கூடாதா" என்றார். பிறகு தங்கை வீட்டுக்காரரின் கசங்கிய காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டு, "தப்பா நெனச்சிக்காத நைனா" என்றார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  சக்கரத்திலிருந்து ரோஜாப்பூ கலர்த் துணியைக் கீற்றுக் கீற்றாக என் வீட்டுக்காரரும் அவர் சகலையும் மண்ணில் உட்கார்ந்து சேர்ந்து பிடுங்கினார்கள்.

சித்தப்பா வீடு போய்ச் சேர்வதற்குள், எங்களைத் தாண்டிப் போன யாரோ சொல்லி, சேதி வேறு மாதிரி போய்விட்டது. "பொறாமையில ஆள வெச்சி மாப்ளைய அடிக்க வெச்சிட்டாளாமே" என்று சித்தி வாசலிலேயே கேட்டாள்.  எதைப் பொய் என்று சொல்வது?

தங்கையைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போய் மஞ்சள் குழைத்துக் கழுத்தில் தடவினேன். கயிறு போட்ட மாதிரி சிவப்பாகத் தடித்திருந்தது. என் மாற்றுப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். அதன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"அது மாட்டுனது எனக்கே தெர்லக்கா. அம்மாந் தூரத்துல இருந்து நீ எப்டி பாத்த?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கெளம்புனதுல இருந்து அதைத்தாண்டி பாத்துக்கினு வந்தேன். வயிறு எரிஞ்சிக்கினு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அழுவாள், இல்லை கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எரிஞ்சா எரியட்டும்க்கா. கண்ண மட்டும் எடுத்துடாத."

இத்தனை வருஷத்தில் அவள் ஸ்கூட்டரிலிருந்து காருக்கும், ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கும் போய்விட்டாள். நான் ஒவ்வொன்றையும் வயிறு எரிய எரியப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் அவள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு முன்னால் எனக்குத்தான் தெரிந்துவிடுகிறது.