கருப்பட்டி பூசிய டாங்க்கும் சுடலைமுத்து அண்ணாச்சியும்

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார்.

நேற்று விடியற்காலையில்... காய்ச்சலாம். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எனக்குச் சேதி வந்தது.

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டிவைக்கிறேன். அவரைத் தெரிந்த நண்பர்களே, அடியில் இடமிருக்கும் வரை நீங்களும் எழுதுங்கள்.

பாளையங்கோட்டையில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. அந்தக் காலத்தில் என்றைக்குப் போனாலும் கடை திறந்திருக்கும், உள்ளே அண்ணாச்சி இருப்பார். நல்ல நாள், கெட்ட நாள் எதுவும் கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்!

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. கிளச்சும் கிடையாது, கியரும் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் இருமத் தொடங்கியதும் தாவி ஏற வேண்டும்.

எதற்கு வாங்கினார்? தங்கச்சிக்காக.

தங்கச்சி பேச்சியம்மாளை விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது கடையை விட்டுவிட்டு அண்ணாச்சி போகவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்றோடு அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றது.

இரண்டாவது பிள்ளைக்கு நாள் குறித்ததும் பேச்சியம்மாள் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். இந்தத் தடவையும் மடி காலியாக இருந்தால், தனக்கு அண்ணன் என்று ஒருத்தர் இல்லை.

ரயிலும் மாட்டுவண்டியுமாகப் போனால் இரண்டு நாள் கடை அடைப்பு. மோட்டாரில் போனால் மத்தியானமே திரும்பிவிடலாம்... இதுதான் அண்ணாச்சியின் திட்டம்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னையும் கூட்டுச் சேர்த்தார். டாக்டர் கொடுத்துப்போன புத்தகத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும். வண்டியைக் கிளப்புவது எப்படி என்ற பக்கம் இருந்தது. நிறுத்துவது எப்படி என்ற பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

முதல் நாள் அண்ணாச்சி மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். என்னைத் தாண்டும்போதெல்லாம் அடுத்து என்ன என்று கேட்பார். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு வைக்கோல்போருக்குள் போய் நின்றார். தலையில் இருந்த வைக்கோலை எடுத்தபடி, வண்டி நல்ல வண்டி என்றார்.

மறுநாள் அதே போருக்குள் நான் போனேன். அதற்கு மறுநாள் வைக்கோலுக்குச் சொந்தக்காரர் போரைச் சுற்றி முள் அடைத்துவிட்டார். அதன் பிறகுதான் நிறுத்தவும் கற்றுக்கொண்டோம்.

ரிப்பேரும் எங்கள் கைவேலைதான். பிளக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். பெல்ட்டை வெட்டிச் சுருக்கினோம். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிய பிறகு மிஞ்சிய திருகாணிகளை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுவைத்தோம்.

அப்புறம் டாங்க் ஒழுக ஆரம்பித்தது. ஈயம் வைத்து அடைக்கச் சொன்னால், பெட்ரோலுக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுவர மாட்டேன் என்று தகர வேலைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணாச்சி யோசித்தார். வீடு கட்டுகிறவர்கள் சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைப்பார்களே... அதே மாதிரி கெட்டியாகக் குழைத்து ஒழுகல் மேல் அப்பினார். காய்ந்ததும் ஒரு சொட்டு கசியவில்லை! ஊரிலுள்ள எறும்பெல்லாம் டாங்க்கில் ஏறியது, அது வேறு விஷயம்.

காதுகுத்து அன்றைக்கு இருட்டோடு கிளம்பினோம். நான் பின்னால் சாமான் வைக்கிற கம்பியில். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி... அண்ணாச்சி பாட்டே பாடினார். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மழை பிடித்தது.

மழை வந்தால் கடையில் முதலில் கருப்பட்டியைத்தான் உள்ளே எடுப்பார். அந்த மனுஷருக்கே அது மறந்துபோயிருந்தது.

பூச்சு கரைந்து அவர் வேட்டியில் வழிந்தது. பின்னாலேயே பெட்ரோலும். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தோம். சேற்றில் சக்கரம் நகரவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

“வாத்தியாரே, இது இங்கன கெடக்கட்டும். நான் போறேன்.”

ஒரு கருப்பட்டியைக்கூட வெளியே வைத்துவிட்டுப் போகாத மனுஷர், மோட்டாரை நடுரோட்டில் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஓடினார்.

அந்த வழியாக வந்த மாட்டுவண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, பந்தலில் ஆசாரி எதிரே அண்ணாச்சி சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை. டாங்க்குக்கு ஸ்பேராக இடுப்பில் முடிந்து கொண்டுவந்த கருப்பட்டித் துண்டு அதன் வாயில். முதல் காது குத்தியபோது அழவே இல்லை. இரண்டாவது காதுக்குத் தெருவையே கூட்டிவிட்டது.

பேச்சியம்மாள் தலை துவட்டத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“கடையை யாரு பாக்கா?”

“பூட்டிப்போட்டு வந்துட்டேன், தாயி.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போடப் போனாள். எனக்கும் கண் கலங்கித்தான் போயிற்று.

மத்தியானம் திரும்ப வேண்டிய அண்ணாச்சி நாலு நாள் கழித்துத் திரும்பினார். ரயிலில்.

அப்புறம் வருஷம் தவறாமல் பொங்கலுக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். சீமைச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் திரும்பி மறுபடி கருப்பட்டி பூசிக்கொண்ட மோட்டார் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். டாங்க்கில் இன்னும் எறும்பு ஊர்கிறது.

பேச்சியம்மாள் வந்திருக்கிறாள். காது குத்திய பயல் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டான்.

அண்ணாச்சி... கடையைப் பேச்சி பூட்டிவிட்டாள். சாவி அவள் முந்தானையில் இருக்கிறது. நீங்க பைய போங்க.