சூடு பொறுக்குதா

எங்கள் வீடுகளில் ஒத்தடம் கொடுக்கிறவள் சூடு பார்ப்பது கையால் அல்ல, வாயால். துணி மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, படுத்திருப்பவரிடம் "சூடு பொறுக்குதா?" என்று கேட்பாள். அவர் "ம்" என்றால் அழுத்துவாள். "ஸ்" என்றால் எடுத்துவிடுவாள். "போதலை" என்றால் மூட்டையை மறுபடி சட்டியில் வைத்துப் புரட்டி எடுத்து வருவாள். யாரும் உட்கார்ந்து சொல்லித்தந்ததில்லை. மூட்டையைக் கையில் எடுத்தால் அந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிடும்.

நான் தென்காசியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். தண்டுவடத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது அடிபட்டால் அதற்குக் கீழே வலி தெரியாது, சூடு தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது என்று மூச்சு விடாமல் சொல்வேன். கவனிக்காத பிள்ளைகளைத் திட்டவும் செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

என் வீட்டுக்காரருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை லோடு ஏற்றி லாரி அனுப்புகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருக்கிற மனிதர். ஒரு ஆனி மாதம், சாரல் விழுந்து மொட்டை மாடியெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தபோது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினார். கழுவியும் முடித்துவிட்டார். இறங்கும்போது ஏணி சறுக்கியது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து முதுகில் கம்பி வைத்து அனுப்பினார்கள். தொப்புளுக்குக் கீழே ஒன்றுமில்லை. கால் இருந்தது, ஆனால் அவரிடம் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் டாக்டர்கள். ஒருவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற ஆளைக் கூட்டிவருகிறேன் என்றார். இன்னொருவர் ஐந்தருவியில் நாற்பத்தெட்டு நாள் குளிப்பாட்டினால் நரம்பு எழும்பும் என்றார். என் வீட்டுக்காரர் படுத்தபடியே, "அருவி தலையில விழுந்தா எனக்குத் தெரியும்லா. தலைய மட்டும் தூக்கிட்டுப் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போனில் வந்த விளம்பரங்கள் இன்னும் மோசம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் எழுந்து நடக்கலாம் என்று ஒரு ஆஸ்பத்திரி. கூப்பிட்டுப் பேசினேன். எந்தச் செல்லை எங்கிருந்து எடுக்கிறீர்கள், அது உள்ளே போய் நரம்பாகத்தான் மாறும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தப் பெண் முன்பணம் எப்போது கட்டுவீர்கள் என்றாள். நல்லா வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. தேடித் தேடி, சென்னையில் உண்மையாகவே ஆராய்ச்சி நடக்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். அடிபட்ட இடத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை வைத்துப் பார்க்கப்போகிறார்கள். அங்கே பேசிய டாக்டரம்மா ஆசை காட்டவே இல்லை. "இதனால் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் கட்டம், அவர் நடப்பார் என்று நான் சொல்லவில்லை" என்றார். அப்படிச் சொன்னதாலேயே அவரை நம்பினேன். அடிபட்டுக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் வர வேண்டும். செல்லை உடம்பு எதிர்க்காமல் இருக்க மருந்து கொடுப்பார்களாம், அந்த மருந்து நோய் எதிர்ப்பைக் குறைத்துவிடுமாம். அதனால் உடம்பில் எங்கேயும் புண் இருக்கக் கூடாது. "ஒரு சின்னப் புண் இருந்தாலும் சேர்க்க மாட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து அவருடைய தோல் என் வேலையாகிவிட்டது. பள்ளிக்கு லீவு போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தேன். குதிகால், இடுப்பு, முதுகு என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூடச் சண்டை போட்டேன். "ஏட்டி, கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னை இப்படிப் பாக்கலை" என்று கேலி செய்தார். பேப்பரெல்லாம் அனுப்பி, போட்டோ அனுப்பி, கடைசியில் வரச் சொன்னார்கள். ரயிலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அப்போதுதான் சுரண்டையிலிருந்து மதினி வந்தார், அவருடைய அக்கா. ஒரு கட்டு நொச்சி இலையும் ஒரு பாட்டில் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார். கையை ஊன்றி ஊன்றி எழுந்து உட்கார்ந்ததில் தம்பிக்குத் தோள் கடுக்கிறது என்று போனில் கேட்டாராம். தோளுக்குத்தானே, அங்கே நல்ல உணர்வு இருக்கிறதே என்று நானும் சரி என்றேன். மதினி இலையை வதக்கிக் கொடுக்க, நான் ஒத்தடம் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "சுகமா இருக்கு" என்றார். பிறகு, "காலுக்கும் வையேன்" என்றார்.

எனக்குத் தெரியும். பாடமே எடுக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் அவர் தன் காலுக்கு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சாயங்கால வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. மதினி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையைத் தொடையில் வைத்தேன். வாய் தானாகக் கேட்டது.

"சூடு பொறுக்குதா?"

"தெரியலையே."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் அடுப்படிக்குப் போய் மூட்டையை மறுபடி சட்டியில் புரட்டிக்கொண்டு வந்தேன். அதே இடத்தில் வைத்தேன். "இப்போ?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மூன்றாவது தடவை சட்டியில் புகை வந்தது. கொண்டுவந்து அழுத்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏதோ லேசாத் தெரியுத மாதிரி இருக்கு" என்றார்.

"எங்கன?"

"அங்கனதான். நீ வச்சிருக்கியே, அங்கன."

நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். மதினி சாமிப் படத்துக்குச் சூடம் ஏற்றினார். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யாகப் போகட்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். மூட்டையை எடுக்கவே மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

காலையில் விரிப்பை விலக்கியபோது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வலிக்கலை, நீ பயப்படாத" என்றார். வலிக்கவில்லை என்பதுதானே பிரச்சினை.

ஆறிவிடும், காட்டிப்பார்க்கலாம் என்று ரயில் ஏறினோம். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "டீ டம்ளர் கை தவறிடுச்சு டாக்டர், நானேதான் கொட்டிக்கிட்டேன்" என்றார். டாக்டரம்மா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். ஆழமான தீக்காயம், முழுசாக ஆறட்டும், ஆறியதும் உடனே போன் செய்யுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

புண் ஆறக் கார்த்திகை ஆகிவிட்டது. அவர்கள் சொன்ன வாரங்கள் எப்போதோ முடிந்திருந்தன.

யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே, மதினி மேல் போட்டேன். நொச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் குடியைக் கெடுத்தார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போன் செய்தால் தம்பியிடம் மட்டும் பேசுவார்.

மூன்று வருடம் ஆகிறது. இந்தச் சாரலில் ஒரு நாள், ஸ்டெம் செல் பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வகுப்பில் ஒரு பெண், "முதுகுல அடிபட்டவங்களுக்கு இது சரியாகுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அதை அவரிடம் சொன்னேன். சொன்ன வேகத்தில், இத்தனை நாள் தொண்டையில் கிடந்ததையும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் அந்தச் சூட்டை வைக்காம இருந்திருந்தா உங்களைச் சேத்திருப்பாங்க."

"சேத்திருப்பாங்க. நடந்திருப்பேனா?"

"தெரியாது."

"பெறகு என்னத்துக்கு அழுத?"

"நீங்க தெரியுதுன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் எடுக்காம வச்சிருந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியலைட்டி. மூணாவது தடவையும் சூடு பண்ணிட்டு வந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்ன. இன்னொரு தடவ இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

சுரண்டைக்குப் போன் போட்டேன். மதினி எடுத்து, "தம்பியா?" என்றார். "நான்தான் மதினி" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது.

பிறகு அடுப்படிக்குப் போய் அவருடைய தோளுக்கு உப்பை வறுத்துத் துணியில் கட்டினேன். கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்பதற்காகக் காத்திருந்தார். நான் கேட்கவில்லை. மூட்டையை முதலில் என் கையில் வைத்துப் பார்த்தேன்.