மாமா பத்திரிகை வைத்த கல்யாணம்

என்னுடைய முதல் கல்யாணம் நான் நாலாவது படிக்கும்போது ஏற்காட்டில் ஒரு காபி குடோனில் நடப்பதாக இருந்தது. அதில் நான்தான் பெண். மாப்பிள்ளைக்கு வயது அறுபது, அதுவும் மூன்றாம் தாரம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி, அன்றைக்கே முடிந்திருந்தால் தான் தப்பித்திருக்கலாம் என்கிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமா, அம்மாவின் தம்பி. சேலத்தில் நாடகக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு தகரப் பெட்டி, இரண்டு படுதா, நாலைந்து ஆட்கள். நாடகம் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதற்குக் கூட்டம் சேர்ப்பதில்தான் மாமாவின் மூளை தனியாக வேலை செய்யும். ஒருமுறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு ஒரு தட்டி கட்டி, ஒரு ராஜா கதையை வரி வரியாக எழுதி வைத்தார். ராஜா குத்துப்பட்டு விழுகிற இடத்தில் வளைவுகள் தீர்ந்துவிடும். ‘மீதி மேடையில்’ என்று முடித்திருந்தார். பஸ்ஸில் மேலே வருகிறவர்கள், வாந்தி எடுக்கத் தலையை நீட்டியவர்கள் உட்பட, படித்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் இறங்குகிறவர்களுக்குக் கதை பின்னாலிருந்து நடந்தது. குத்துப்பட்ட ராஜா எழுந்து, இழந்த நாட்டைத் திரும்ப வாங்கி, அடிவாரம் போவதற்குள் தொட்டிலில் படுத்துவிட்டார். இன்னொரு தடவை ஆடுகளின் கழுத்தில் நோட்டீஸ் கட்டி ஊருக்குள் விட்டார். ஒன்றின் நோட்டீஸை இன்னொன்று தின்று தீர்த்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு இதில் எதுவும் சிரிப்பாக இல்லை. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மாமாவுக்குக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பேசி வைத்துவிட்டார். ஒரே ஒரு நாடகம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் விற்கவில்லை என்றால் திங்கட்கிழமை எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும், அப்புறம் நாடகம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. மாமா சரி என்று தலையாட்டினார். பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் என் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

அந்த ஒரே நாடகத்துக்கு அவர் எழுதிய கதை இது: ஊரில் பாதி நிலம் வைத்திருக்கிற கிழட்டு மிட்டாதார் ஒருவர் பத்து வயதுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். தாலி ஏறிய கையோடு அவள் கிணற்றில் விழுகிறாள். படுதா விழுகிறது. பெண்ணாக நடிக்க வந்த சேலத்துச் சிறுமி மலைப்பாதையில் பாதியிலேயே மயங்கி, மேலே வந்ததும் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள். மாமா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “கண்ணு, உனக்கு அப்படியே அக்கா முகம்” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன்.

இந்தத் தடவை மாமா நோட்டீஸ் அடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்தார். மேலே பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள், மணமகள் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரோடு ஒரு ‘அம்மாள்’. இது நாடகம், டிக்கெட் வாசலில் கிடைக்கும் என்கிற விவரம் உள்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. நோட்டீஸ் என்றால் வாங்கி வடை மடிப்பார்கள், பத்திரிகை என்றால் மாடத்தில் வைப்பார்கள் என்றார் மாமா. முறை தவறாமல் வைக்க வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு, ஷேர் ஜீப்பில் தொற்றி, நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு என்று வீடு வீடாக ஏறினார். எல்லாரும் வாசலுக்கு வந்து, கை கழுவி வாங்கிக்கொண்டார்கள். உள்பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை.

கொட்டச்சேட்டில் வயதான ஒரு அம்மா பத்திரிகையை இரண்டு கையிலும் ஏந்தி வெகுநேரம் நின்றார். “டவுன்ல இருந்து எங்க ஊட்டுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பத்திரிக்கை வெச்சதில்லீங்க” என்றார். “கண்டிப்பா வந்துருவோம் சாமி.”

திரும்பி வருகிறவரை மாமா காலித் தாம்பாளத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். குங்குமம் ஒட்டிக்கொண்டுவிட்டது போல என்று நான் விட்டுவிட்டேன்.

எனக்கு என் கவலையே பெரிய பாடாக இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவனின் அப்பா மேளக்காரர். கல்யாண விஷயத்தில் அவன் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். பத்திரிகை வைத்து, கெட்டிமேளம் கொட்டி, தாலியும் ஏறிவிட்டால் அப்புறம் போலீஸே வந்தாலும் பிரிக்க முடியாது என்றான். நான் பையன், அது செல்லாது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, பத்திரிகையில் அம்மாள் என்றுதானே போட்டிருக்கிறது என்றான். மாமாவோ நாடகம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று அவன் அப்பாவையே மேளத்துக்குப் பேசியிருந்தார்.

கடைசி ஜீப்பைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக நாடகத்தை ஞாயிறு மத்தியானம் வைத்திருந்தார்கள். பட்டுப்பாவாடை, அதன்மேல் ஒரு சேலை, சவுரி, மூக்குத்தி எல்லாம் மாட்டிக்கொண்டு படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். குடோன் நிரம்பி வழிந்தது. அதுவா முக்கியம்? வந்தவர்கள் அத்தனை பேரும் புதுத்துணியில் இருந்தார்கள். தட்டுத் தட்டாக வாழைப்பழம், ஆரஞ்சு, சாமை அரிசி, மிளகு. இரண்டு பேர் மூங்கிலில் கட்டி ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வந்தார்கள். தூணில் ஒரு ஆடு கட்டியிருந்தது. நாடகத்துக்கு யாராவது ஆடு கொண்டுவருவார்களா?

டிக்கெட் கிழிக்க வாசலில் நின்றவர் என் அப்பா. அங்கே நடந்ததை அப்புறம் ஊரே சொல்லிச் சிரித்தது. கொட்டச்சேட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவை நிதானமாகப் பார்த்து, “ஏனுங்க, கண்ணாலத்துக்கு வந்தவங்ககிட்ட டிக்கெட்டுங்களா? நீங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரருங்களா?” என்று கேட்டிருக்கிறார். இருபது வருஷமாகக் கடை வாசலில் நின்ற பழக்கத்தில் அப்பா அவரையும் அறியாமல் கையைக் கூப்பி, வாங்க வாங்க என்று சொல்லிவிட்டார். ஒருவரை அப்படி விட்ட பிறகு மற்றவர்களை எப்படி நிறுத்துவது? ஒரு டிக்கெட்கூடக் கிழியவில்லை.

மேடையில் மணவறை. மிட்டாதாராக நடித்தவர் சேலத்தில் தையற்காரர். பெரிய மீசை ஒட்டி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நிஜமாகவே பயங்கரமாக இருந்தார். தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் எழுந்தது. மேளக்காரர் மகன் தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, முடிந்தது உன் கதை என்பதுபோல் தலையாட்டினான்.

அடுத்து நான் செய்ததில் வீரம் எதுவும் இல்லை. சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு எழுந்தேன். “எனக்குக் கல்யாணம் வேண்டாம். நான் நாலாவதுதான் படிக்கிறேன்” என்று கத்திக்கொண்டே மேடையிலிருந்து குதித்தேன். சவுரி ஒரு பக்கம் போயிற்று, சேலை தடுக்கி நான் ஒரு பக்கம் போய், முன்வரிசையில் இருந்த கொட்டச்சேட்டு அம்மாவின் மடியில் விழுந்தேன். அவர் என்னைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

“ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?” என்றார் மிட்டாதாரிடம். “பச்சப் புள்ளைங்க இது.”

குடோன் முழுக்க எழுந்து நின்றது. தையற்காரர் நல்ல நடிகர். விடாமல் அடுத்த வசனத்தைத் தொடங்கிப் பார்த்தார். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்ததும் மீசையைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் டெய்லருங்க” என்றார்.

மேடை ஓரத்தில் மாமா நின்றதை நான் அந்த அம்மாவின் கைக்கு அடியிலிருந்து பார்த்தேன். கிணறு இன்னும் படுதாவுக்குப் பின்னால் காத்திருந்தது. திங்கட்கிழமையும்தான். மாமா நினைத்திருந்தால், இது நாடகம், உட்காருங்கள் என்று சொல்லி என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். அவர் மேளத்தை நிறுத்தச் சொல்லி, கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பொண்ணுக்கு இஷ்டம் இல்லீங்க. கண்ணாலம் நின்னுபோச்சு. எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்.”

சாப்பாடு எங்கே இருந்தது? அப்பாவின் கடையில் இருந்த பன், முறுக்கு, வர்க்கி எல்லாம் அரைமணி நேரத்தில் காலி. ஜனங்கள் ஒரு கல்யாணத்தை நிறுத்திய சந்தோஷத்தில் ஜீப் ஏறினார்கள். போகிறபோது அந்த அம்மா என் கன்னத்தை வழித்து, பொண்ணை நொம்ப நல்லாப் படிக்க வையுங்க என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாமா அந்த நாடகத்தைக் கிணறே இல்லாமல் ஆத்தூர், ராசிபுரம், தர்மபுரி என்று பல வருஷம் நடத்தினார். எல்லா ஊரிலும் பத்திரிகை, எல்லா ஊரிலும் ஜனங்களே எழுந்து நிறுத்துகிற கல்யாணம். உள்பக்க எழுத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டார். ஓடுவதற்கு எனக்கு ஒத்திகை வைத்தார். பயமில்லாமல் ஓடுகிறேன் என்று இரண்டாவது ஊரிலேயே என்னை நீக்கிவிட்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. குடோன் காலியானதும் அப்பா வந்து நின்றார். கிழியாத டிக்கெட் கட்டை மாமாவிடம் கொடுத்து, காலையில் முதல் பஸ்ஸுக்கு நாகலூர் போகத் தயாராக இருக்கச் சொன்னார். மாமா வாங்கிக்கொண்டார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் மேடைக்குப் பின்னால் வந்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. “அவன் எஸ்டேட்டுக்குப் போக மாட்டானுங்க” என்றாள் அப்பாவிடம். “அவன் நாடகம் போடட்டும்.”

அப்பா எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அம்மா அவரிடம் ஒன்றை மறுத்து நான் கேட்டதே இல்லை, அவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அப்பா கடையைப் பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மூக்குத்தியைக் கழற்றினாள். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மாமா திரும்பி நின்று ஒரே படுதாவை நாலு தடவை மடித்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தைக் கெடுத்ததற்கு அடி விழும் என்று, பயந்துவிட்டேன் அம்மா, அதனால்தான் ஓடினேன் என்றேன்.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு கண்ணு” என்றாள். “அப்பப் பதினாலு வயசு. மணவறையில இருந்து எந்திரிச்சு ஓடலாம்னு எனக்குத் தோணவே இல்லை.”

அம்மாவும் சின்ன வயதில் மாமாவின் நாடகத்தில் நடித்திருக்கிறாள், ஓட வேண்டிய இடத்தை மறந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று நான் புரிந்துகொண்டேன். பாவமாக இருந்தது. அடுத்த தடவை ஞாபகமாக ஓடிவிடு என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.