முக்கால் மணி நேரம் தறியை நிறுத்தச் சொன்னேன்

என் வேலைக்குப் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சட்டைக்குப் பட்டன் போடுவது, பல் துலக்குவது, தானே சாப்பிடுவது என்று மற்ற குழந்தைகளுக்குத் தானாக வருவதை, வராத குழந்தைகளுக்குப் பழக்கித் தருகிறேன் என்று விளக்குவேன். "அப்ப நீங்க கை பழக்குற டீச்சர்" என்று ஒரு அம்மா முடித்துவிட்டார். வருடக்கணக்கில் படித்ததை இவ்வளவு சுருக்கிவிட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அவர் மகளுக்கு ஆறு வயது. ஆட்டிசம். பேச்சு அதிகமில்லை. சோறு விரலில் ஒட்டினால் பதறிக் கையை உதறுவாள், அதனால் அம்மாதான் ஊட்டுவார். ஜூனில் பள்ளி. தானே சாப்பிட்டால் முழு நாளும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மதியம் நீங்கள் வந்து ஊட்டுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அது நடக்கிற காரியமில்லை. அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை, உடலையும் கரையையும் தனித்தனி நூலால் கோர்த்து இருவர் சேர்ந்து நெய்வது. அப்பா தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்து நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவை வீசுவது அம்மா. அவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

மிக்சி ஓடினால் அந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொள்வாள். குக்கர் விசிலுக்கு அழுவாள். நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன், தறிச் சத்தம்தான் அவளைப் படுத்துகிறது என்று. "நான் இருக்கிற முக்கால் மணி நேரம் தறி ஓடக் கூடாது" என்றேன். அப்பா குழியிலிருந்து எழுந்து வெளியே போனார்.

மூன்று வாரம் அமைதியான வீட்டில் பொரியையும் சுண்டலையும் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் முடங்கிக்கொண்டாள். பொறுமை போய், "நீங்க ஊட்டி ஊட்டித்தான் இப்படி ஆகியிருக்கு" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருநாள் அப்பா வாசலிலேயே நின்றார். "இன்னிக்கு மட்டும் தறிய ஓட வுட்டுடுங்க மேடம். முகூர்த்தச் சேலை, நாளைக்குத் தறியிலருந்து அறுத்துக் குடுக்கணும்." சரி, இன்றைக்குத் தண்டம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, அப்பாவின் கால்களைப் பார்த்தபடி, என் கிண்ணத்திலிருந்து சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.

"தறி நின்னா அது சாப்புடாதுங்க" என்றார் அம்மா, நாடாவை நிறுத்தாமல். "தறியில இருந்துக்கினேதான் ஊட்டுவேன். அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்னிக்கு நான் ஊட்டினாகூட வாயத் தொறக்காது."

"ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க படிச்சவங்க, தெரிஞ்சிதான் சொல்லிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சோம்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை நாளும் அந்த வீட்டில் அமாவாசையை நடத்தியவள் நான்தான்.

மறுநாளிலிருந்து குழி விளிம்புதான் எங்கள் வகுப்பு. சுண்டலிலிருந்து இட்லி, இட்லியிலிருந்து தயிர் சாதம் என்று மே மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளியில் தறிக்கு எங்கே போவது? சத்தத்தை போனில் பதிந்து போட்டுக் காட்டினேன். போனைப் பிடுங்கி எறிந்தாள். அவளை ஏமாற்ற முடியாது.

பள்ளி திறந்த அன்று மதியம், நானும் அம்மாவும் வகுப்பு ஜன்னலுக்குப் பின்னால் திருடர்களைப் போல நின்றோம். பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் விளிம்புக்கு நகர்ந்து காலைத் தொங்கப்போட்டாள். மடியில் தட்டு, அதில் சாம்பார் சாதம். பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் பாதி முடித்துவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

அப்போது அவள் கால்கள் அசைந்தன. முதலில் இடது, பிறகு வலது. வெறும் காற்றில் மெதுவாக, ஒரே சீராக.

"அவரு மிதிக்கிற மாதிரியே மிதிக்குது பாருங்க" என்றார் அம்மா.

நாலைந்து மிதிக்குப் பிறகு அவள் கை தட்டுக்குள் போனது. விரலெல்லாம் சாம்பார். உதறவில்லை. வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கெளம்பறேன் மேடம். தறியாண்ட அவரு தனியா குந்திக்கினு இருப்பாரு."