அடுப்புச் சுவர்

மருதாம்பாளுக்கு இந்த மலையைப் பிடிக்காது. வந்து முப்பத்தைந்து வருசமாச்சு, இன்னும் பிடிக்கவில்லை. அன்னூர் வெயிலில் வளர்ந்தவளைப் பத்தொன்பது வயதில் தாலி கட்டிக் கூட்டிவந்து கட்டபெட்டில் இறக்கிவிட்டார்கள். "ஊட்டிப் பக்கமா? குடுத்து வெச்சவ!" என்று அன்றைக்கு வாயைப் பிளந்தவர்களை எல்லாம் ஒரே ஒரு மார்கழிக்கு இங்கே கொண்டுவந்து அடைத்துப்போட வேண்டும் என்பாள். ரெண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு மலையை மூடுகிற மஞ்சு அழகுதான். துவைத்துப்போட்ட சீலை ஒன்பது நாளாகியும் ஈரம் போகாமல் நாறும்போது என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது? மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைட்டைப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். அப்படி ஒரு இருட்டு.

அந்த இருட்டில் அவளைப் பிடித்து நிறுத்தியது ரெண்டே ரெண்டு. ஒன்று அடுப்பு, இன்னொன்று ஊசி.

அடுப்பென்றால் சும்மா அடுப்பில்லை. மாமனார் காலத்தில் கூட்டுக் குடும்பத்துக்காகக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. ஒரே நேரத்தில் மூன்று பாத்திரம் ஏறும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்பார்கள். அதை நாலு திணித்தால் சாயங்காலம் வரைக்கும் கணகணவென்று இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அடுப்புக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் சுக்குக் காப்பி, மடியில் உல்லன் நூல். ஊசி ரெண்டும் கையில் ஏறிவிட்டால் வெளியே மஞ்சு வந்து சன்னலை மூடினாலும் சரி, உலகமே முழுகிப்போனாலும் சரி, அவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு வரிசை போவாள், ஒரு வரிசை திரும்புவாள். மனசுக்குள் இருக்கிற இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அந்த நிம்மதிக்கும் ஒரு இடைஞ்சல் இருந்தது. சரியாக மூன்று மணிக்கு, அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம், கரகரவென்று எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்கும். தினமும் கேட்கும்.

"வேணும்னே பண்றா. நான் உக்காந்தா அவளுக்குப் பொறுக்காது" என்பாள் மருதாம்பாள்.

அவள் என்பது சசிகலா. புருசன் மயில்சாமியின் தம்பி பரமசிவனின் பெண்டாட்டி, மருதாம்பாளுக்கு ஓரகத்தி. ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு ஊடு. எட்டு வருசத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சமையற்கட்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மயில்சாமிக்கு விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். சசிகலா விடவில்லை. பாகம் பிரிக்க வந்த பெரிய மனுசர்கள் எல்லாரும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்க, நடுவீட்டில் நின்று கேட்டாள்.

"பிள்ளை இல்லாத ஊட்டுக்கு இத்தாப் பெரிய அடுப்பு எதுக்குங்க? யாருக்கு ஆக்கிப் போடப் போறாங்க?"

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டார். மருதாம்பாள் அன்றைக்கு வாயை மூடியவள்தான், சசிகலாவிடம் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. போன ஆடியில் பரமசிவன் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தபோதுகூட, போனாள், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எழுந்து வந்துவிட்டாள். சசிகலாவின் மகள் ராஜப்ரியா பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பினாள். அந்தப் பக்கத்து ஊட்டில் இப்போது சசிகலா ஒருத்திதான். 'பிள்ளை இருக்கற ஊடு எப்படி இருக்குது இப்ப?' என்று மருதாம்பாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. ஆமாம், இருந்தது. இல்லை என்று நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

மார்கழி பிறந்து நாலாம் நாள் ஃபர்ஹீன் வந்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். ரெண்டு ஊட்டுக்கும் நூல் கொடுப்பவள் அவள்தான். மயில்சாமிக்குப் போட்டுக்கொண்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டருக்கு நூல் குறைந்ததால் மருதாம்பாள் சொல்லிவிட்டிருந்தாள். முன்பக்கம் முடிந்து, பின்பக்கம் ஆரம்பிக்க வேண்டிய நேரம். ஃபர்ஹீன் அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டே, வெள்ளந்தியாக ஒரு பேச்சைப் போட்டாள்.

"அக்கா, இந்த அடுப்பு ரெண்டு ஊட்டுக்கும் வேலை செய்யுதுங்க்கா. சசியக்கா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் சேரை இழுத்துப் போட்டு முதுகைச் சாச்சுக்கறாங்க. செவுரு அப்படியே கதகதன்னு இருக்குது. ஹீட்டரே வேண்டாங்கறாங்க. நானும் சித்த நேரம் சாஞ்சு பார்த்தேன், எந்திரிக்கவே மனசு வரல."

மருதாம்பாளின் ஊசி நின்றுவிட்டது.

"என்ன சொன்ன?"

"சேருங்க்கா. தினம் மூணு மணிக்கு. அவங்களும் பின்னிட்டுதான் இருப்பாங்க."

ஃபர்ஹீன் போனபின் மருதாம்பாள் அந்தச் சுவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடி பாதகத்தி! எந்த அடுப்பு எதுக்கு என்று சபையில் கேட்டாளோ, அந்த அடுப்புச் சூட்டையே எட்டு வருசமாக முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குச்சி சுமந்து வருவது என் புருசன், ஊதி ஊதிக் கண்ணெரிவது எனக்கு, சுகம் மட்டும் மகாராணிக்கா? ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புஸ்ஸென்று சாம்பல் கிளம்பி முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து சமையல் எல்லாம் கேஸில்தான்.

"ஏம்புள்ள, அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு? வெந்நிக்குக்கூட ஆகாதா?" என்று கேட்டார் மயில்சாமி. அவர் தேயிலை பாக்டரியில் இலை எடை போடுகிற இடத்தில் கிளார்க். குளிர் காலத்தில் இலை வரத்துக் கம்மி, நேரத்தோடு ஊடு திரும்பிவிடுவார்.

"புகை ஒத்துக்கலீங்க."

"முப்பத்தஞ்சு வருசமா ஒத்துக்கிட்டது இப்ப ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கலைன்னா ஒத்துக்கல. உட்டுருங்க."

மூன்று மணிக்கு, அணைந்த அடுப்புக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கரகரவென்று சேர் வந்தது. மருதாம்பாள் மூச்சைப் பிடித்தாள். பத்து நிமிசம் கழித்து, அதே கரகர, திரும்பிப் போனது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிரித்தாள்கூட. ரெண்டாம் நாளும் சேர் வந்து திரும்பியது. மூன்றாம் நாள் சேருக்கு முன்னால் ஒரு தட்டல் கேட்டது. சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று அங்கங்கே தட்டிப் பார்க்கிற சத்தம். 'தேடு, நல்லாத் தேடு!' என்று கறுவினாள். நாலாம் நாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்தாகிவிட்டது.

ஜெயித்தவள் எப்படி இருந்தாள் என்றால், ரெண்டு சாக்ஸ், ஒரு குல்லா, மேலே ஒரு கம்பளி, அப்படியும் பல் கிட்டிக்கொண்டது. அந்த வாரம் பார்த்து மஞ்சு விலகவே இல்லை. தூறல் வேறு. விரல் மரக்கட்டையாய் விறைத்துக் கிடந்தது. விடுவாளா? ஊசியைப் பிடித்துக்கொண்டு, சசிகலாவைத் திட்டிக்கொண்டே பின்பக்கத்தைப் போட்டாள். திட்டுக்கு ஒரு பின்னல் கண்ணு, கண்ணுக்கு ஒரு இழுப்பு. அப்புறம் அதுவும் கசந்துபோனது. அடுப்பில்லாத சமையற்கட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. மத்தியானமே போய்ப் படுத்துக்கொண்டாள். படுத்தால் இருட்டு வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்த இருட்டை அவளுக்கு ஏற்கனவே தெரியும். ஒருமுறை அவளை முழுசாக விழுங்கிப் பார்த்த இருட்டு அது. பயந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஸ்வெட்டரை மூட்டிக் கொடுத்தாள். மயில்சாமி தலையை நுழைத்தார். கை நுழைந்தது. முன்பக்கம் அளவாக இடுப்புக்குக் கீழே இறங்கியது. பின்பக்கம் இடுப்புக்கு மேலேயே நின்றுகொண்டு, தோளை ரெண்டு பக்கமும் பிடித்து இழுத்தது. மனுசன் கண்ணாடிக்கு முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, முன்னாடி எனக்குப் போட்டிருக்கற. பின்னாடி யாருக்குப் போட்ட?"

"கழட்டுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

தரையில் விரித்து எண்ணினாள். முன்பக்கம் நூற்றுப் பத்துக் கண்ணு, பின்பக்கமும் நூற்றுப் பத்துதான். அதே ஊசி, அதே நூல், அதே வரிசைக் கணக்கு. ஆனால் ஒரு பக்கம் ஒரு ஆள், மறுபக்கம் அரை ஆள். முன்பக்கம் அடுப்பு எரியும்போது போட்டது. பின்பக்கம் அணைத்தபின் போட்டது. விறைத்த கை இழுத்து இழுத்து, ஒவ்வொரு கண்ணும் கழுத்தை நெரித்த மாதிரி இறுகிக் கிடந்தது. முப்பது வருசத்துக்கு மேலாகப் பின்னுகிறவள் செய்கிற தப்பா இது? முதல் நாளே சொல்லித் தந்த பாடமில்லையா?

சொல்லித் தந்தது யார் என்பதைத்தான் அவள் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். இப்போது நினைக்காமல் முடியவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் வருசம், ஒரு மார்கழி. நாற்பது நாள் குழந்தை, பெண் குழந்தை. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே மடியில் விறைத்துவிட்டது. அதற்கப்புறம் இவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குளிர் காலம் முழுக்க மருதாம்பாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். தேற்றுகிறேன் என்று வந்தவர்கள் எல்லாம் அழவைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆவணியில்தான் கோத்தகிரியிலிருந்து கல்யாணமாகி வந்திருந்த சசிகலா, ஒல்லிக்குச்சி, ஒரு நாள் மத்தியானம் இவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் இதே அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெண்டு ஊசியை மடியில் போட்டாள்.

"கை வெறச்சிருக்கறப்ப ஊசியத் தொடாதீங்க்கா. கண்ணு இறுகிப்போயிரும். மொதல்ல கைய அடுப்புல காட்டுங்க. நல்லாச் சூடாகட்டும். அப்புறம் சொல்லித் தாறேன்."

அன்றைக்குப் பதினஞ்சு வரிசை போட்டாள் மருதாம்பாள். ராத்திரி சோறு தின்றாள்.

அந்தக் கையும் சசிகலாவின் கைதான். சபையில் அப்படிப் பேசிய வாயும் சசிகலாவின் வாய்தான். ரெண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மருதாம்பாளால் ஆகவில்லை. வாயை நினைத்தால் கை பொய்யாகிறது, கையை நினைத்தால் வாய் இன்னும் எரிகிறது. "ஒண்ணு நல்லவளா இருந்து தொலைஞ்சிருக்கணும், இல்ல கெட்டவளா இருந்து தொலைஞ்சிருக்கணும். ரெண்டுமா இருந்து என் உசுர வாங்கறா" என்று தையலைப் பிரித்தாள். பின்பக்கத்தைத் தனியே எடுத்து, நூலை உருவி, பந்தாகச் சுற்றினாள். மறுபடி நூற்றுப் பத்துக் கண்ணு ஏற்ற வேண்டும். இந்த விரலால் ஏற்ற முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை மதியம், பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். ஈரச் சாம்பலை வழித்துப் போட்டாள். மிலாறு திணித்துப் பற்றவைத்தாள். குச்சி ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. "எனக்காகத்தான். எங் கைக்காகத்தான்" என்று சுவருக்குக் கேட்கிறாற்போலவே சொன்னாள். தீ பிடித்தது.

மணி மூன்றானது. சத்தமில்லை.

மூன்றேகால். விரல் சூடாகிவிட்டது, ஊசியை எடுக்கலாம், எடுக்கவில்லை. காது சுவரிலேயே இருந்தது. ஐந்து நாளாக அந்தப் பக்கத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பைப்புச் சத்தம் கேட்டதா? ஞாபகமில்லை. அங்கே ஒருத்தி தனியாகக் கிடக்கிறாள். சூடில்லாத சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கிடக்கிறாளோ என்னவோ.

"எங்க போய்த் தொலைஞ்சா? செத்துகித்து வெச்சுட்டாளா?" என்றபடி மருதாம்பாள் மணையை விட்டு எழுந்தாள். இன்னும் ரெண்டு கட்டைக் குச்சியை உள்ளே தள்ளினாள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். கல் மெல்லத்தான் காயும். "காயேன், சனியனே" என்று சுவரைத் திட்டினாள்.

மூன்றேமுக்கால் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளங்கை ஒன்று சுவரைத் தொட்டது. ஒரு தட்டு. அப்புறம் அதே இடத்தில் இன்னொரு தட்டு. பிறகு கரகரவென்று, அவசரமே இல்லாமல், சேர் வந்து நின்றது.

மருதாம்பாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நூலை எடுத்து முதல் கண்ணை ஏற்றினாள். அப்புறம் சுவரைப் பார்த்து, எட்டு வருசத்தில் முதல் தடவையாக, சசிகலாவிடம் பேசினாள்.

"பிள்ளை இல்லாத ஊட்டு அடுப்புதான்டி. நல்லாச் சாஞ்சுக்கோ."